அணையைத் திறக்கச் சொன்னது யார்?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். அந்த அறையில் நான் இருந்தேன். இன்றும் வாளியில் தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயை மூடிவிடுகிறேன்.

பெரிய மனிதர்களின் சுயசரிதையை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அட்டையில் அவர்கள் பெயர் இருக்கும். முதுகுவலி மட்டும் எனக்கு. அந்த முறை அமைந்தவர், ஊரே காறித் துப்பிய ஒரு முன்னாள் தலைவர். அடைமழையில் முன்னறிவிப்பே இல்லாமல் அணையைத் திறந்ததில், ஆற்றோரக் குடியிருப்பு ஒன்று ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டது. அதில் அவர் அமைச்சர் பதவி போனது. ஆனால் சிறைக்குப் போனவர் அணைப் பொறியாளர். 'அவர் தானாகத் திறந்துவிட்டார்' என்று புத்தகத்தில் நிலைநாட்டுவதுதான் என் வேலை.

மூன்றாவது மாடியில் அவருடைய படுக்கையறை. மாலை நாலு மணி. சுள்ளென்று வெயில். அவர் மகள் என்னை உள்ளே விட்டு, வெளியே தாழ் போட்டார்.

"அப்பா பாதியில எழுந்து ஓடிடறாரு. தப்பா நினைக்காதீங்க சார்."

கட்டிலில் கிடந்தவர் என் கையை இறுகப் பிடித்தார்.

"தம்பி, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாத."

சொல்லத் தொடங்கினார். "அணையைத் திறந்தது பொறியாளர்..." மடிக்கணினியில் அடித்தேன்.

சளப்.

சுவருக்குப் பின்னால் தண்ணீர் அலம்பியது. அந்தப் பக்கம் குளியலறை கிடையாது. வெட்டவெளி.

சளப்... சளப்...

சேற்று வாடை. என் காலுறை சில்லென்று நனைந்தது. குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

கிழவர் தேம்பினார். "சொல்லிடறேன்... நான்தான் போன் பண்ணித் திறக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் குடுங்க, ஆளுங்களை வெளியேத்திடறேன்னு பொறியாளர் கெஞ்சினாரு. நான் கட்டின அணை... உடைஞ்சா மானம் போயிடும்னு... முடியாதுன்னுட்டேன்."

அதையும் அப்படியே அடித்தேன். சத்தம் நின்றது.

மூச்சு வாங்கினார். முகத்தைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய தலைவர் திரும்பிவிட்டார்.

"அதை அழிச்சிடு."

"வேண்டாங்கய்யா. கும்பிட்டுக் கேக்கறேன்."

"நீ எழுத வந்தியா, தீர்ப்பு சொல்ல வந்தியா?"

மடிக்கணினியைப் பிடுங்கி அவரே அழித்தார்.

ஜன்னல் வெளிச்சம் பழுப்பாகக் கலங்கியது.

சளப்.

இந்த முறை அறைக்குள்.

இடுப்புவரை குளிர். கதவை நோக்கி ஓடினேன். வெள்ளத்துக்குள் நடப்பதுபோல் கால் கனத்தது.

"தம்பி... போகாத..."

கதவைத் தட்டினேன். கத்தினேன்.

பின்னால் குமிழிகள் வெடிக்கும் ஓசை...

நான் திரும்பவில்லை.

மகள் கதவைத் திறந்தபோது வெயில் பழையபடி அடித்தது. மெத்தையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் உயிர் போயிருந்தது.

மாரடைப்பு என்று அறிவித்தார்கள். பொறியாளரைக் காப்பாற்ற, கேட்டதையெல்லாம் காவல்துறையில் எழுதிக் கொடுத்தேன். எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடலைப் பரிசோதித்த மருத்துவர் மட்டும் என்னைத் தனியே அழைத்தார்.

"நாலு மணிக்கு அவர் உங்ககிட்ட பேசினாரா? நிஜமா?"

"ஆமா சார். ஏன்?"

அவர் குரல் தணிந்தது.

"நான் பார்த்த உடம்பு, மூணு நாளாவது ஆத்துக்குள்ள கிடந்த உடம்பு."