ஆளில்லாத கல்லறை

ஆர்டிஸ் சாஸ்ட்ரோ சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் பெரிய தாத்தா காட்லீபின் கல்லறையில் பூ வைத்துவந்தாள். விஸ்கான்சினில், அவர்களது லூத்தரன் கோயிலுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கல். காட்லீப் 1918 விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர் என்று அப்பா எல்ராய் சொல்லியிருந்தார்.

ஆர்டிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வம்சாவளி தேடுவதில் போனது. காட்லீபும் அவர் தம்பி எர்ன்ஸ்டும், அதாவது ஆர்டிஸின் தாத்தாவும், ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. யாருக்காவது தெரிந்திருக்கும் என்று சபைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள்.

நெப்ராஸ்காவிலிருந்து வெண்டல் என்பவர் போன் செய்தார்.

"காட்லீப் எங்க தாத்தாங்க. என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு."

"அவர் தொள்ளாயிரத்துப் பதினெட்டுலயே செத்துட்டாருங்க. கல்லறை இங்கதான் இருக்கு."

"அம்பத்தொண்ணுல எங்க வீட்டுக் கட்டில்ல செத்தாரு. கல்லு வேற நட்டுட்டாங்களா? நல்லாருக்கு!"

பிறகு சொன்னார். அமெரிக்கா ஜெர்மனியோடு மோதிய முதல் உலகச் சண்டைக் காலத்தில் காட்லீப் ஜெர்மன் மொழியில் ஜெபம் செய்வதை நிறுத்தவில்லை. அவரைத் தேடி டவுனிலிருந்து ஒரு கும்பல் வந்தது. வைக்கோல் பரணில் ஒளிந்திருந்தவரிடம் போக ஏணியைக் காட்டிக்கொடுத்தவன் கூடப்பிறந்த தம்பி எர்ன்ஸ்ட். கொதிக்கும் தாரை ஊற்றி, கோழி இறகை ஒட்டி, தெருவில் நடத்தினார்கள். மனைவி மக்களோடு போனவர் திரும்பவே இல்லை. பண்ணை தம்பிக்கு.

எல்ராய் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் கேட்டாள்.

"யார் சொன்னா?" என்றார். பொய் என்று சொல்லவில்லை.

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"நான் சின்னப் பையன். வாயத் தொறந்தா பண்ணை போயிரும்னாரு எங்கப்பா. கல்லை நட்டதும் அவருதான். ஊருக்கே தெரியும், யாரு பேசினா?"

ஊருக்கே. பூங்கொத்தோடு போகும்போதெல்லாம் கோயில் கிழவிகள் கன்னத்தைத் தட்டி, பொறுப்பான பொண்ணு என்பார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஒவ்வொரு வருசமும் நீங்கதானேப்பா கார்ல கூட்டிட்டுப் போனீங்க. ஒருதரமாவது வேணாம்மான்னு சொல்லத் தோணலையா?"

"நீ ஆசையா வச்சே."

அன்றிலிருந்து அவருக்குச் சமைத்து வைத்தாளே தவிர, கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கோடையில் நெப்ராஸ்காவுக்குக் காரோட்டிப் போனாள். வெண்டல் தன் தாத்தாவின் படத்தைக் காட்டினார். கடும் வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. "தழும்பை மறைக்கத்தான். அப்புறம் ஜெர்மன் பேச்சையே வீட்டுக்குள்ள விடல. எந்த ஊருன்னு எங்களுக்கும் தெரியாது."

"மன்னிப்புக் கேக்க எனக்கு உரிமை இருக்கான்னுகூடத் தெரியலண்ணா."

"உன்னையும்தானே ஏமாத்தியிருக்காங்க, தங்கச்சி. சாப்பிடு." பன்றி இறைச்சித் துண்டை அவள் தட்டில் வைத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனா உங்கப்பன் செத்தா எனக்குச் சொல்லி அனுப்பாதே."

குளிர்காலத்தில் எல்ராய் இறந்தார். அவள் சொல்லி அனுப்பவில்லை. கோயிலில் ஊரே வரிசையாக வந்து அவளைக் கட்டிக்கொண்டது. ஆர்டிஸ் யாரையும் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை.