கம்பிவலை அலுமாரி

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில், மட்டக்களப்பு வாவியைச் சுற்றியிருந்த சிறு தபால் கந்தோர்களின் தந்திக் கருவிகளை மேற்பார்வை செய்வது என் வேலை. அந்த வேலையில் இருந்தபோது ஒரு மனிதரின் உத்தியோகத்தைப் போக்கினேன். ஒரு அலுமாரியைத் தெரிவு செய்ததில் தொடங்கியது அது. நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அந்நாளில் தந்திக்கு வேண்டிய மின்சாரம் கண்ணாடிச் சாடிகளிலிருந்து வந்தது. சாடிக்குள் நவச்சாரக் கரைசல், அதில் ஒரு துத்தநாகக் கோல். பத்துப் பன்னிரண்டு சாடிகளை வரிசையாக வைத்துப் பித்தளைத் திருகுகளால் இணைத்திருப்போம். பல்லியும் எறும்பும் மழைச்சாரலும் அண்டாமல் அவற்றை எதற்குள்ளாவது வைக்கவேண்டும். எல்லாக் கந்தோர்களுக்கும் ஒரே மாதிரி அலுமாரி தெரிவு செய்யும்படி எனக்கு உத்தரவு வந்தது.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பழுகாமத்துக்கும் அப்பால், ஒரு கந்தோர். பார்க்கப் போனபோது சாடிகள் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் குசினி அலுமாரிக்குள் இருந்தன. நாலு பக்கமும் கம்பிவலை அடித்து, எறும்பு ஏறாமல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, கறி வைப்பதற்கு வீடுகளில் இருக்குமே, அது.

“சொதிச்சட்டி வைக்கிற இடத்திலயா அரசாங்கச் சாமானை வச்சிருக்கிறீர்?” என்றேன்.

“சொதி கெடாம இரிந்திச்சி ஐயா. அதான் இதையும் வச்சிப் பாத்தன். மூணு மாரி போயிட்டு, ஒரு குறையும் இல்ல.”

பின்னால் நின்ற அவர் மனைவி, “அரசாங்கம் நல்லாத்தான் இரிக்கி ஐயா. எங்கட மீன் பொரியல்தான் உறியில தொங்குது” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மேலதிகாரி ஒருவர் வந்து இதைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான் மனதில் நின்றது.

இரும்புப் பெட்டி உப்புக்காற்றில் கறள் பிடிக்கும் என்று தள்ளினேன். மலிவான பலகையைக் கறையான் தின்னும். கடைசியில் முதிரைப் பலகையில் கனமான அலுமாரிகள் செய்வித்தேன். கதவு விளிம்பெல்லாம் கம்பளித்துணி ஒட்டி, காற்றுப் புகாமல் இறுக மூடும்படி செய்திருந்தது. கண்டவர்கள் திறக்காதபடி பூட்டும் போட்டேன். மாதம் ஒருமுறை நானே வந்து திறந்து பார்ப்பதென்று சாவிகளை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அலுமாரியை இறக்கிய அன்று போஸ்ட்மாஸ்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“நல்ல மரம். கதவில கொஞ்சம் துவாரம் போட்டுத் தாங்க ஐயா. மாரியில இது வேர்க்கும்.”

“மரம் வேர்க்குமோ, மாஸ்டர்?”

“படுவான்கரையில எல்லாம் வேர்க்கும் ஐயா.”

நான் துவாரம் போடவில்லை.

அந்த மாரியில் வெள்ளம் வந்து தெருக்கள் மூடிய நேரத்தில் அந்தக் கந்தோரின் தந்தி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தோணியில் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே பலகையெல்லாம் ஈரம். சாடிகளின் வாயிலிருந்து உப்பு வெள்ளையாக வழிந்து இறங்கியிருந்தது. பித்தளைத் திருகுகள் பச்சை பூத்துப் போயிருந்தன. இரண்டு மாதமாக நான் அங்கே போகவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில் நின்றார். வேர்க்கும் என்று சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.

“விளக்கம் கேப்பாங்களோ ஐயா?”

“பயப்பட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

விளக்கம் என்னிடம்தான் கேட்டார்கள். சாடிகளைத் துடைத்துப் பராமரிக்க போஸ்ட்மாஸ்டர் தவறிவிட்டார் என்று எழுதினேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

பட்டினத்தில் விசாரணை நடந்தது. அலுமாரிக்குச் சாவி எத்தனை என்று கேட்டார்கள். இரண்டு, ஒன்றை இவரிடம் கொடுத்திருந்தேன் என்றேன். அந்த இரண்டாவது சாவி என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அது சரிதானா என்று அவரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை நம்பியிருந்தார் போலும். இதற்குப் பின்னால் ஏதோ வழி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

“ஐயா சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்” என்றார்.

எந்த வழியும் வைத்திருக்கவில்லை. அவருடைய வேலை போயிற்று.

புதியவரிடம் கந்தோரை ஒப்படைக்கும் நாளில் நான் அங்கே இருக்கவேண்டியிருந்தது. வேலை போனவரும் மனைவியும் தங்கள் சாமான்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பிவலை அலுமாரியைத் தூக்க ஆள் போதவில்லை. அவர் மனைவி என் முகத்தைப் பார்க்காமல், “அந்தக் காலைப் பிடிங்க” என்றார். ஐயா என்று சொல்லவில்லை. நான் பிடித்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத் தோணியில் வைத்தோம். போஸ்ட்மாஸ்டர் “வாறம் ஐயா” என்றார். தோணி போனது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சப்பாத்து நனைந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் தச்சனைக் கூட்டிப்போய் முதிரை அலுமாரியின் கதவுகளில் சதுரமாக வெட்டிக் கம்பிவலை அடிப்பித்தேன். சாவியைப் புதியவரிடம் கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த மாரி முழுவதும் அங்கே தந்தி தடையில்லாமல் பேசியது. அலுமாரியில் நான் செய்த திருத்தத்தை மெச்சி மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டேன்.