விரலுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு

பாம்பனில் கருவாடு சுமந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இன்று இராமேஸ்வரத்தில் மூன்று மாடி லாட்ஜ், வரவேற்பில் கம்ப்யூட்டர் என எல்லாம் நானே உண்டாக்கியவை. பணியாளர்கள் கண்ட புரோகிராமையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடக் கூடாதென்று அதன் முக்கிய பாஸ்வேர்டை நான் மட்டுமே வைத்திருந்தேன்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் உத்தரகோசமங்கை கோயிலுக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இருக்கும் செல்வி போனில் பதறினாள்.

"அய்யா, அப்டேட் பண்ணாம புக்கிங் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்குது. வாசல் பூரா சனம்!"

என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எந்தப் பொத்தானுக்கு அடுத்து எது என்று விரலுக்குத்தான் தெரியும்.

"இருத்தா, வாரேன்."

"நீங்க வாரதுக்குள்ள என்னையக் கடல்ல தள்ளிருவாக அய்யா!"

பாம்பன் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மடியில் விரலால் தட்டிப் பார்த்தேன். விரலுக்கும் மறந்துவிட்டது போலிருந்தது. போய்ச் சேர்ந்தபோது ஒருவர் செல்வியின் மேசையைக் குத்திக் கத்திக்கொண்டிருந்தார். கீபோர்டில் கை வைத்தேன்; விரல் தானாகவே தட்டியது. திறந்தது.

இப்போது யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காமல் அப்டேட் தானாக ஏறும்படி கம்ப்யூட்டர்காரர் செய்துவிட்டார். வேறெதையும் பணியாளர்களால் ஏற்ற முடியாது. எல்லோரும் அவரையே புகழ்கிறார்கள். இப்படி வேண்டுமென்று கேட்டவன் நான்தானே? இந்தக் கதையை எழுதும்போது என் பெயரைப் பெரிதாகப் போடுங்கள்.