கத்தியை எண்ணிக் கொடுத்தவள்

நாத்தனார் ஜெயிலிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனைத் தள்ளிவிட்டாள். அவன் மாடிப்படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டான். அதற்கு அவளுக்கு மூன்று வருஷம். உடைந்த இடுப்பு ஒரே வருஷத்தில் கூடி, அவன் இப்போது ஜம்மென்று பைக் ஓட்டுகிறான். இவளுக்குத்தான் எங்கே போனாலும் வேலை இல்லை.

அண்ணிக்கு அவள் மேல் கோபம் இல்லை. வீட்டின் மேல்தான் கோபம். இருப்பது ஒன்றரை அறை. ஹாலில் நாத்தனார் பாய் விரித்தால் பாத்ரூம் கதவு பாதிதான் திறக்கும். ஒரு வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம், இரண்டு பேரும் மூச்சு விடலாம். அண்ணன்காரன் தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அதனால் அண்ணிதான் அவளை இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

ஜெயிலில் நாத்தனாருக்குச் சமையற்கட்டு வேலை. தினமும் நானூறு பேருக்குச் சமைத்த கை. அந்தக் கைக்கு நாலு பேர் அளவு பிடிபடவில்லை. வீட்டு வேலைக்குப் போன முதல் இடத்தில் ஒரு வாரப் பருப்பை ஒரே வேளையில் வேகவைத்துவிட்டு வந்தாள். மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடம், ஒரு விடுதி, ஒரு துணிக்கம்பெனி. மூன்று வருஷமாக எங்கே இருந்தாய் என்ற கேள்வி வந்ததும் எல்லா இடத்திலும் கதை முடிந்தது.

கடைசியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். யாராவது கேட்டால் வெளியூரில் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தேன் என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்று அண்ணி வழக்கம்போல வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

சாயங்காலம் கூட்டிக்கொண்டு போக வந்தவள் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மற்றப் பெண்கள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மட்டும் கத்திகளைக் கழுவித் துடைத்து, பிடியெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி மேடையில் வரிசையாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாவிக்கொத்தோடு வந்த மேற்பார்வைக்காரம்மா அவளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா நிக்கிற? நேரமாச்சு, கிளம்பு."

"எண்ணிக்கோங்க மேடம். ஏழு இருக்கு."

அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாசத்துக்கு இரண்டு கத்தி காணாமல் போகிற சமையற்கட்டு அது. "இந்தப் பழக்கத்த எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று ஆசையாகக் கேட்டாள்.

வாசலில் நின்ற அண்ணி கண்ணை உருட்டினாள். நாத்தனார் அதைப் பார்த்தாள். பார்த்தும், "ஜெயில்ல, மேடம். எண்ணி முடிக்காம வெளிய விடமாட்டாங்க" என்றாள்.

பல் உள்ளே போய்விட்டது. அந்த அம்மா கத்திகளைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சமையல் நன்றாக இருந்தது என்றும், ஆபீஸில் கேட்டுவிட்டு ஃபோன் பண்ணுவதாகவும் சொன்னாள்.

தெருவில் கால் வைத்ததும் அண்ணி பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரின்னு சொன்னா உனக்கு வாய் சுளுக்கிக்குமா? ஒரே ஒரு வார்த்தடி."

"மூணு எடத்துல சொன்னேனே அண்ணி. மூணு எடத்துலயும் எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாங்க. அதுக்கு நீங்க பதில் சொல்லிக் கொடுக்கல."

பதில் இல்லாதபோது அண்ணிக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். பஸ் வந்ததும் முன்னால் ஏறி, தனி சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஃபோன் வரவில்லை. நாத்தனார் துடைத்த அடுப்பையே மறுபடி மறுபடி துடைத்தாள். ஐந்தாம் நாள் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் கேன்டீனுக்குப் போய் நின்று, வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டினாள். தண்டனையை முடித்துவிட்டுத்தானே வந்தாள், பாதியில் சுவர் ஏறிக் குதித்தா வந்தாள்? கத்தியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை வைத்துக்கொள்வீர்கள், எண்ணிக் கொடுக்கிறவள் வேண்டாமா?

மேற்பார்வைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தனக்கு ஒன்றும் இல்லை, போலீஸ் சான்று இல்லாமல் ஆபீஸில் பேர் ஏறாது என்றாள். பேர் ஏற வேண்டாத வேலை ஒன்று இருக்கிறதாம். பாத்திரம் கழுவுவது, தினக்கூலி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும்மா. அவங்க கத்திப் பக்கம் போக வேணாம். மத்த பொண்ணுங்க பயப்படுறாங்க."

"அவ தள்ளித்தான் விட்டா. இதுல கத்தி எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அண்ணிக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் பொய். உடம்பெல்லாம் எரிந்தது. "நானூறு பேருக்குப் பொங்கிப் போட்டவளுக்கு எச்சித் தட்டு கழுவுற வேல. நீ போகாதடி. வேற எடம் தேடுவோம்."

நாத்தனார் அடுப்புத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "வேற எடம்னா மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும் அண்ணி. இங்க அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஆறு மணிக்கு" என்றாள் அண்ணி, அவளையே திட்டுகிற குரலில். "ரப்பர் கையுறை கூட நாமளே வாங்கிட்டுப் போகணுமாம்."