பக்கத்து சீட்டு பிரேக்கும் பந்தய மைதானமும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்பவர், ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு பிரேக் போடுகிறவர். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் காலடியில் நமக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. நாளெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று கத்திக் கத்தி சாயங்காலம் தொண்டை கட்டிக்கொள்ளும். கடலூர் முதுநகரில் நானும், சிதம்பரத்தில் என் தங்கை தேன்மொழியின் வீட்டுக்காரன் அன்பழகனும் இந்தப் பிழைப்பில்தான் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

வருஷத்துக்கு ஒரு முறை சென்னைப் பக்கம் கார் ரேஸ் நடக்கும். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு பேரும் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். மெதுவாகப் போ என்று யாரும் யாரிடமும் சொல்லாத ஒரு இடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

எல் போர்டு

முதல் வருஷம் மச்சானுடைய ஸ்கூல் காரிலேயே போனோம். கூரைமேல் ஸ்கூல் பெயர்ப் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் எல். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. மைதானத்து வாசலில் ஒவ்வொரு காரும் மாடிவீடு விலை இருக்கும். அவற்றுக்கு நடுவில் எங்கள் வண்டி போய் நின்றதும் காலேஜ் பையன்கள் ஓடிவந்து அதனோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மானமே போய்விட்டது. மச்சான் என்னவோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றான். வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்த செக்யூரிட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிராக்டிஸ் காலையிலயே முடிஞ்சிபோச்சேண்ணே, இப்ப வந்து நிக்கிறீங்களே!"

முதுகு

சிமெண்ட் படியில் இடம் பிடித்தோம். எதிரே ஒரு முரட்டு வளைவு. தரையோடு ஒட்டிய மாதிரி ஒரு கார் காதைப் பிளந்துகொண்டு வந்தது. வளைவு நெருங்க நெருங்க அது வேகத்தைக் குறைக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேர் வலது காலும் ஒரே நேரத்தில் பலங்கொண்ட மட்டும் கீழே மிதித்தன. வேண்டுமென்று செய்ததல்ல. வருஷக்கணக்கில் மாணவர்களோடு செத்துப் பிழைத்த கால்கள் அவை.

என் கால் சிமெண்டில் மிதித்தது. மச்சானுடைய கால், கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தவர் முதுகில் மிதித்தது. மன்னிப்புக் கேட்டோம். அடுத்த கார் வந்தது, அடுத்த உதையும் விழுந்தது. அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்: "சார், அவன் எப்படியோ வளைச்சிக்குவான் சார், நீங்க என் முதுக விடுங்க."

நாலு வீதி

சிதம்பரத்தில் டிரைவிங் படிக்கிறவர்கள் கோயிலைச் சுற்றியிருக்கிற நாலு வீதியில்தான் கை பழக வேண்டும். மச்சான் அந்தச் சதுரத்தைத் தினமும் எத்தனை முறை சுற்றியிருப்பான் என்று கணக்கு வைக்க முடியாது. ரேஸுக்குக் கிளம்புகிற அன்று தேன்மொழி முணுமுணுத்துக்கொண்டே புளிச்சோறு கட்டிக்கொடுப்பாள். "அங்க அப்படி என்னதான் இருக்கு?" என்று வருஷா வருஷம் கேட்பாள். மச்சானும் எதையெதையோ சொல்லிப் பார்ப்பான். இன்ஜின் சத்தம் என்பான், டயர் வாசனை என்பான். அவளுக்கு ஒன்றும் ஏறாது.

"நீயும் வந்து பாரேன்" என்று ஒருமுறை கூப்பிட்டான். சோற்றுத் தூக்கை அவன் கையில் திணித்துவிட்டு அவள் சொன்னாள்: "நடராஜர் தேரே வருசத்துக்கு ரெண்டு தடவதான் இந்த நாலு வீதியச் சுத்துது, நீங்க தெனமும் சுத்துறது பத்தாதுன்னு அங்க போயி வேற சுத்தறத பாக்கணுமா?"

கீழ்ப்படி

போன வருஷம் மச்சானுக்குக் கல்லீரலில் கட்டி. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆசைப்பட்ட இடத்துக்கு அழைத்துப்போங்கள் என்றும் அவரேதான் சொன்னார். மச்சான் திருப்பதி கேட்கவில்லை, ரேஸ் கேட்டான். தேன்மொழி வாய் பேசாமல் புளிச்சோறு கட்டினாள்.

மேலே ஏற முடியாததால் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தோம். அங்கிருந்து கம்பிவேலிதான் தெரியும், கார் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். பாதி ரேஸில் ஒரு கார் புகைந்துகொண்டு எங்கள் எதிரிலேயே ஓரங்கட்டி நின்றது. ஓட்டியவன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேலி ஓரமாகவே நடந்து போனான். மற்ற கார்கள் அவனைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தன. மச்சான் அதற்கப்புறம் ரேஸைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டி நின்னா பரவால்ல மச்சான், மத்ததெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது எறங்கி நடக்க வேண்டியிருக்கு பாரு" என்றான்.

ரிவர்ஸ்

அதற்கடுத்த மாதமே அவன் போய்விட்டான். சாவுக்கு அவனிடம் படித்தவர்கள் தெரு கொள்ளாமல் வந்தார்கள். எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஓரமாக, ஒழுங்காக, இடைவெளி விட்டு வண்டி நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர் மாலையோடு வந்து, போட்டபிறகும் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். மச்சான் படுக்கையில் விழுவதற்கு முன்னால் கடைசியாக அவருக்குத்தான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். என்னம்மா வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாஸ்டர் ரிவர்ஸ் எடுக்கறது நாளைக்குன்னு சொன்னாருங்க."

தைலம்

காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். தேன்மொழி அழவில்லை. யார் வந்து கட்டிக்கொண்டாலும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நினைவு தப்பிய கடைசி நாட்களில் மச்சான் கட்டிலில் படுத்தபடியே ஒரு காலை உதறிக்கொண்டே இருந்தானாம். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து தைலம் தேய்த்தாளாம், அமுக்கிவிட்டாளாம். கொஞ்சம் அடங்கும், மறுபடியும் ஆரம்பித்துவிடுமாம்.

ஆஸ்பத்திரியில் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம் சுற்றிவளைத்து அங்கேயே வந்து நிற்பாள். இந்த ஒரு நினைப்பு இவளையும் தின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "வலியோடயே அனுப்பிட்டேண்ணே. ஒரு கால் வலியக்கூட என்னால நிறுத்த முடியல."

இந்த வருஷம்

இனி ரேஸுக்குப் போவதில்லை என்று இருந்தேன். தேன்மொழிதான் போன் பண்ணினாள். "அங்க அப்படி என்னதான் இருந்துச்சுன்னு நான் பாக்கணும்" என்றாள். அதே எல் போர்டு கார், அதே புளிச்சோறு. படியேறி, நாங்கள் வழக்கமாக உட்காருகிற வளைவுக்கு எதிரேயே உட்கார வைத்தேன்.

முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கூட்டிவந்தது தப்போ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மூன்று நான்கு கார்கள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி வளைவில் பாய்ந்தன. என் கால் வழக்கம்போல் மிதித்தது. அவள் மைதானத்தை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தாள். அடுத்த கார் வந்தது, மறுபடியும் மிதித்தேன்.

"ஏண்ணே இப்படி மிதிக்கிற?"

"தொழில் புத்தி. பக்கத்துல பிரேக் இருக்குன்னு கால் நெனச்சிக்குது. மச்சான் என்னவிட பலமா மிதிப்பான், முன்னாடி உக்காந்தவன் முதுகே போயிடும்."

"வலது காலா?"

"வலது கால்தான்."

வளைவில் வருகிற ஒவ்வொரு காருக்கும் என் கால் போய் வருவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த அழுகை. கார் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. நானும் அழுதேன். கார்கள் எல்லாம் அந்தக் கோடிக்குப் போய் சத்தம் கொஞ்சம் அடங்கியபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தங்கை சொன்னாள்: "அது வலி இல்லண்ணே. அவரு இங்க வந்து உக்காந்துட்டாரு. ரேஸ் பாக்குற மனுசனுக்குப் போயி நான் தைலம் தேய்ச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஆகவே சக மாஸ்டர்களே, வீட்டில் இருக்கிறவர்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், கடைசிக் காலத்தில் நாம் கட்டிலில் காலை உதைத்தால் அது நோய் இல்லை, தொழில்.