ஜோவின் கடிதத்தை நான் வாசித்த விதம்

கண் தெரியாத ஒரு கிழவருக்கு வந்த கடிதத்தை நான் பொய்யாக வாசித்தேன். அந்தக் கடிதத்தில் மன்னிப்பு இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. அவர் அதைக் கேளாமலே இறந்துபோனார்.

இதுதான் குற்றம். இனி நான் சொல்லப்போவதெல்லாம் விளக்கம்... விளக்கம் என்பது சாக்கு என்று நீங்கள் நினைத்தால், நான் மறுக்கமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனின் கிழக்கே, பிளேஸ்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சூப் பருக்குவது. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவன் நான். இங்கே வெள்ளைக்காரக் கிழவர்களின் கால் நகம் வெட்டினேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது பிறகுதான் வந்தது.

அங்கேதான் ஹரல்ட் இருந்தார். எல்லோரும் அவரை ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அமெரிக்கர். யுத்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து பறந்த விமானி. இந்தப் பகுதிப் பெண் ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. மனைவி போன பிறகு சர்க்கரை வியாதி கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது.

காலையில் நான் சட்டை போட்டுவிடும்போது இரண்டு கைகளையும் அகல நீட்டுவார். “இது இடது எஞ்சின். இது வலது எஞ்சின். நடுவில் நான்,” என்பார். பிறகு நாடியை முன்னே நீட்டி, “துப்பாக்கி எல்லாம் இங்கே, மூக்கில்!” என்பார். பி-38 லைட்னிங், அவர் ஓட்டிய போர் விமானம். இரண்டு எஞ்சின், இரண்டு வால், நடுவில் விமானிக்கு ஒரு சின்னக் கூடு. மற்ற விமானங்களில் எஞ்சின் முன்னால் இருப்பதால் விமானியின் கால் சூடாக இருக்குமாம். இதில் எஞ்சின்கள் இரு பக்கமும் தள்ளி நின்றதால், அந்த உயரத்துக் குளிரில் கால் விறைத்து, இறங்கும்போது இரண்டு பேர் தூக்கித்தான் எடுக்க வேண்டுமாம்.

வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் பாயும் ஊரிலிருந்து வந்தவன் நான். விமானம் என்றாலே எனக்கு ஆகாது. ஆனாலும் அவர் சொன்னால் கேட்பேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது... இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையாகவே பிடித்திருந்தது.

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு விதி உண்டு. ஒரு எஞ்சின் செத்துப்போனாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் மெதுவாக. மெதுவாகப் போகிறவனை எதிரி இலகுவாக அடிப்பான். ஆகவே கூடப் பறந்தவன் தன் வேகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே காவலாக வர வேண்டும். “அதை யாரும் எழுதி வைக்கவில்லை, சன். எழுத வேண்டியதில்லை,” என்பார். மகன் என்ற பொருளில் என்னை ‘சன்’ என்றுதான் கூப்பிடுவார்.

இனித் தவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாமல் என்னைச் சொல்ல ஏலாது.

தவம் என் பள்ளித் தோழன். பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தோம். எண்பத்தைந்தில் வெளிநாடு போக ஒன்றாகப் புறப்பட்டோம். ஏஜெண்ட் எங்கள் இருவருக்கும் வேறு யாருடையதோ பாஸ்போர்ட்டுகளைத் தந்து சொன்னான்: “ஒருத்தன் பிடிபட்டா மற்றவன் திரும்பிப் பாக்கக் கூடாது. தெரியாத ஆள் மாதிரி நேரை போய்க்கொண்டே இருக்கோணும்.” நாங்கள் தலையாட்டினோம். வெளியே வந்ததும் தவம் என் தோளைப் பிடித்தான். “அவன் கிடக்கிறான் மச்சான். போனா ரெண்டு பேரும் போவம். இல்லாட்டி ரெண்டு பேரும் திரும்புவம்.”

நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் என்னைப் பிடித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற தவத்திடம் அதிகாரி என்னைக் காட்டி, “இவரைத் தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். தவம் திரும்பி என்னைப் பார்த்தான். அவசரமில்லாமல், வடிவாகப் பார்த்தான். “நோ” என்றான். போய்விட்டான்.

என்னைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார்கள். இறங்கிய இடத்திலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். ஏழு மாதம் உள்ளே இருந்தேன். என் இடது காது அங்கேதான் கேட்காமல் போனது. மிச்சத்தை எழுதமாட்டேன்.

இரண்டாம் தரம் புறப்பட்டு ஒருவழியாக லண்டன் வந்து சேர்ந்தபோது, தவம் அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். அழவும் செய்தான். கடையில் நின்றவர்களுக்குச் சொன்னான்: “எயர்போட்டில சனத்துக்குள்ள இவனைத் தவற விட்டிட்டன். நான் தேடாத இடம் இல்லை!”

சனத்துக்குள் தவற விட்டானாம்! அன்று அந்த வரிசையில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “ஓம் மச்சான்” என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அவன் முகத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவன் கடைக்கே போனேன். அவன் என் பைக்குள் முருங்கைக்காயை அள்ளிப் போடுவான். நானும் வாங்கி வருவேன். அந்த ஒரு சொல்லைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் கேப்டன் என்னைப் பேனையும் தாளும் எடுக்கச் சொன்னார்.

அவருடைய பழைய படைப்பிரிவுக்காரர்கள் ஒரு செய்தி மடல் அனுப்புவார்கள். அதை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்த முறை அதில் ஜோ என்ற பெயரும் விலாசமும் இருந்தன. பெயரைக் கேட்டதும் அவர் விலாசத்தை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு, சொல்லச் சொல்ல எழுதும்படி கேட்டார்.

“ஜோ, எனக்கு இப்போது கண் தெரியாது, இதை வேறொருவர் எழுதித் தருகிறார். உன்னை மேகத்துக்குள் தவற விட்டதாக நான் அறிக்கை கொடுத்தேன். அன்று மேகம் இல்லை. உன் இடது எஞ்சின் நின்றதை நான் பார்த்தேன். உன்னோடு மெதுவாக வந்தால் நானும் சாவேன் என்று பயந்தேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். பிறகு போய்விட்டேன். நீ சிறைமுகாமில் இருந்த நாளெல்லாம் நான் உணவுக்கூடத்தில் சூடாகச் சாப்பிட்டேன். மன்னிக்க முடியுமா என்று கேட்கிறேன்.”

என் பேனை நின்றுவிட்டது.

“எழுதினாயா, சன்?”

“எழுதினேன்.”

இரண்டு வருடமாக இந்த மனிதருக்கு முதுகு தேய்த்தேன்! விதியைப் பற்றி எனக்குச் சொன்ன வாய்தானே இது? எழுதி வைக்கத் தேவையில்லை என்றவர்தானே? நான் ஏமாற்றப்பட்டேன். இரண்டாம் தரமும் ஏமாற்றப்பட்டேன். சனத்துக்குள் தவற விட்டவன் ஒருவன், மேகத்துக்குள் தவற விட்டவன் ஒருவன்... தவத்தைத்தான் நான் இத்தனை நாளும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை ஒழுங்காகத் தபாலில் போட்டேன். நல்ல மனதால் அல்ல. ஜோ காறித் துப்புவார் என்று காத்திருந்தேன்.

சில கிழமைகளில் பதில் வந்தது. கேப்டனின் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். முதல் வரியை உள்ளபடியே வாசித்தேன். சத்தியமாக, உள்ளபடியே!

“அன்று மேகம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஹரல்ட்.”

அடுத்த வரிகளில் ஜோ இப்படி எழுதியிருந்தார்: ‘பத்து வருடம் உன்னைச் சபித்தேன். பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டேன். உன் இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மே மாதம் மகளோடு லண்டன் வருகிறேன். அதுவரை உயிரோடு இரு. இரண்டு பேரும் பியர் குடிப்போம்.’

இவ்வளவுதானா? களைத்துப்போய் விட்டுவிட்டாராம்! அப்படி விட்டுவிட முடியுமா? யாரைக் கேட்டு விட்டார்?

என் வாய் தானாகப் பேசியது.

“நீ திரும்பிப் பார்த்தாய். பார்க்காமல் போயிருந்தால் பயந்தவன் என்று விட்டிருப்பேன். நீ பார்த்துவிட்டுப் போனாய். அதற்கு மன்னிப்பு இல்லை. இனி எனக்கு எழுதாதே.”

என் ஆங்கிலம் ஒருநாளும் அவ்வளவு தங்குதடையின்றி வந்ததில்லை. ஒரு சொல்லும் தேடவில்லை. எல்லாம் வருடக்கணக்காக வாய்க்குள்ளேயே கிடந்தவை.

கேப்டன் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். “நியாயம்,” என்றார். பிறகு கையை நீட்டிக் கடிதத்தைக் கேட்டார்.

எப்படிக் கொடுப்பேன்? வேறு யாரும் எடுத்து வாசித்தால் பிடிபட்டுவிடுவேனே! மேசையில் கவுன்சில் அனுப்பிய துண்டறிக்கை கிடந்தது. குப்பைத்தொட்டிகளை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும் என்பது பற்றியது. அதை மடித்து அவர் கையில் வைத்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்து, தலையணைக்குக் கீழே வைத்தார்.

அன்று பின்னேரம் தவத்தின் கடைக்குப் போனேன். “என்ன மச்சான், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? சுகமில்லையே?” என்று கேட்டான். கிழவருக்குச் சொன்னதில் ஒரு சொல்லையாவது இவனுக்குச் சொல்ல முடிந்ததா? “ஒண்டுமில்லை, ஷிப்ட் கொஞ்சம் கூட,” என்றேன். அவன் போட்டுத் தந்த பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கோபம் கண் தெரியாதவரிடம் மட்டும்தான் வீரம் காட்டியது.

மறுநாள் காலை, சட்டை போடும்போது கேப்டன் கைகளை விரிக்கவில்லை. தலையணைக்குக் கீழிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார்.

“இன்னொரு தரம் வாசி.”

குப்பைத்தொட்டித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அதே சொற்களைத் திருப்பிச் சொன்னேன். அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். வேறு யாரையும் வாசிக்க விடவில்லை. என் குரலில்தான் வேண்டுமாம். சில நாட்களில் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. என்னோடு சேர்ந்து உதட்டை அசைப்பார்.

என்னால் தாங்க முடியாமல் போனது. ஒருநாள் துணிந்து, அந்த ‘மன்னிப்பு இல்லை’ என்பதை விட்டுவிட்டு வாசித்தேன். மெல்ல மெல்லக் கடிதத்தை மாற்றிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவர் உடனே கையை உயர்த்தினார்.

“ஒரு வரியை விட்டுவிட்டாய், சன். எனக்காகப் பாவம் பார்க்காதே. உள்ளதை வாசி.”

உள்ளதை வாசித்திருக்கலாம்! உண்மைக் கடிதம் என் பையில்தான் இருந்தது. ஏன் செய்யவில்லை? வேலை போய்விடும், பொலிசுக்குப் போவார்கள், விசாவில் சிக்கல் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பிறகு சேர்த்த காரணங்கள். உங்களிடம் மறைத்து என்ன பயன்? கைவிட்டுப் போன ஒருவன் உருகுவதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. சொல்லவே நாக் கூசுகிறது... முதல் சில நாட்கள், மிகவும் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி போன பிறகு பயம் வந்தது. பயம் போவதற்குள் அவர் போய்விட்டார். ஏப்ரலில் சளிக்காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கியது. நான்கு நாள்தான் தாங்கினார். நான்காம் நாள் நான் விடுப்பில் இருந்தேன்.

இல்லத்துக்குப் பொறுப்பாக இருந்த மேட்ரன் இரக்கமுள்ள பெண். தலையணைக்குக் கீழிருந்த தாளை விரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று, மடித்தபடியே அவருடைய கோட்டுப் பைக்குள் வைத்துச் சவப்பெட்டியில் அவரோடு அனுப்பிவிட்டாள். “அவர் உயிரையே வைத்திருந்த கடிதம்,” என்று என்னிடம் சொன்னாள். நானும் ஆமோதித்தேன்.

மே மாதம் ஜோ வந்தார்.

ஒடிசலான மனிதர். ஊன்றுகோல். மகள் கையைப் பிடித்திருந்தாள். கதவைத் திறந்தவன் நான்தான். இறந்த செய்தியை நான்தான் சொன்னேன். அவர் வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்:

“என் கடிதம் அவனுக்குக் கிடைத்ததா?”

“கிடைத்தது.”

“யார் வாசித்துக் காட்டினார்கள்?”

“நான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நீலக் கண்கள், நன்றாகப் பார்க்கக்கூடிய கண்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது அவருக்குத்தான், உங்களுக்கு அல்ல. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார்:

“ஒரு தரம்தான் வாசித்தாயா? இல்லை... திரும்பவும் கேட்டானா?”

“தினமும் கேட்டார்,” என்றேன்.

அது பொய்யில்லை. ஐயோ, அது பொய்யில்லையே!

ஜோ குழந்தைபோல அழுதார். மகளும் அழுதாள். பிறகு அவர் ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கடைசிவரை நீ அவனோடு கூட இருந்தாய். நன்றி,” என்றார்.

நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.