ஜெஸ்டனின் சுத்தமான தண்ணீர்

சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடிப்பதற்கு முன் ஜெஸ்டன் அதன் அடியைப் பனியனில் மூன்று முறை துடைப்பான். பிறகு மூடியைத் திருகி, முப்பது வரை எண்ணிக் குலுக்கி, இடக்கண்ணை மூடிக்கொண்டு வண்ண அட்டையோடு ஒப்பிடுவான். துளி நீலச் சாயல் தெரிந்தாலும், தண்ணீரில் கழிவு சேர்ந்துவிட்டதென்று முகம் சுண்டிவிடும். நிறமே இல்லாமல் இருந்தால்தான் காலைக் காப்பி உள்ளே இறங்கும்.

ஆம்பூர்ப் பக்கம், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவனுக்கு ஆய்வக வேலை. நாள் முழுக்கக் கழிவின் அளவைக் காட்டும் எண்கள் இறங்க வேண்டுமே என்பதுதான் கவலை. அதே கவலையைப் பேருந்தில் ஏற்றிப் பாகாயம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் இரண்டு மீன்கள் வளர்ந்த கடல்நீர்த் தொட்டியின்மேலும் இறக்கிவைப்பான்.

இப்போது அந்தத் தொட்டியில் அடுத்தவர் பொருள் ஒன்று இருந்தது. ஷூ கம்பெனியில் டிசைனராக இருக்கும் சுஹேல் அகமது, ஆறு மாதப் பயிற்சிக்கு இத்தாலி போகும்போது உள்ளங்கை அளவு கல் ஒன்றை ஒப்படைத்திருந்தான். அதன்மேல் சட்டைப் பொத்தான்களை நெருக்கி ஒட்டியதுபோல உயிருள்ள பவளம். பச்சை விளிம்பு, நடுவில் ஆரஞ்சு. நாலு வருஷம் வளர்த்தது.

"என் தங்கச்சியக் கட்டிக் குடுத்தப்பகூட இவ்ளோ பயப்படல, தோஸ்த்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஐந்தாம் மாதத்தில் பொத்தான்கள் சுருங்கின. பச்சை வெளுத்து, ஊறவைத்த அவலின் நிறத்துக்கு வந்தது. ஜெஸ்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விளக்கை ஒரு சாண் உயர்த்தினான், மறுநாள் இறக்கினான். கல்லை இடப்பக்கம் வைத்தான், வலப்பக்கம் வைத்தான். வாரம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை மூன்று முறை மாற்றினான். இரண்டு மீன்களுக்கும் தீனியைப் பாதியாக்கினான். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முடியுமுன் எழுந்து ஓடிவந்து வெப்பநிலை பார்த்தான். சோதனைக் குழாயில் மட்டும் ஒருநாளும் நிறம் ஏறவில்லை. சுஹேல் வீடியோவில் வந்தால், ஜெஸ்டன் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நெட் கம்மி என்பான்.

நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி எப்சி ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஐசியூலகூட பேஷண்ட இவ்ளோ தடவ பொரட்ட மாட்டோம். கொஞ்சம் சும்மா விடுங்க."

"சும்மா விட்டா செத்துடும்."

"அதுக்கு இன்னா சாப்பாடு குடுக்குறீங்க?"

"சுத்தமான தண்ணி."



அடுத்த வாரம் ஆபீசில் அவனைப் பதினெட்டு நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். உப்புக் கலந்த தண்ணீரை எட்டுக் கேன்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டிவிட்டுப் போனான். தினம் மூன்று முறை அழைத்தான். தண்ணி மாத்திட்டேன் என்றாள் எப்சி, போட்டோ கேட்டால் டூட்டியில் இருக்கிறேன் என்றாள்.

திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றாமல் தொட்டிமுன் நின்றான். பொத்தான்கள் அகல விரிந்து கிடந்தன. பச்சை திரும்பியிருந்தது. கல்லின் ஓரத்தில், குண்டூசித் தலையளவில் புதிதாக நான்கு. உடனே சுஹேலை அழைத்துக் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினான். எல்லாம் தண்ணீரின் சுத்தம்தான் என்று கால்மணி நேரம் விளக்கினான். சுஹேல் பவளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல் சொந்தக்காரனிடம் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எப்சி சொன்னாள். எட்டுக் கேன்களில் ஒன்றைக்கூட அவள் தொட்டியில் ஊற்றவில்லை. எல்லாம் கழிவறையில் போயிற்று. குழம்புக்கு உரித்த இறாலில் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்றைப் பொடியாக நறுக்கி உள்ளே போட்டுவிட்டு டூட்டிக்குப் போயிருக்கிறாள்.